சிற்பி வண்ணம் பூசாமல் விட்ட போர்வீரன் சிலைக்கு நாம் பெயின்ட் அடிக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து யூனியன், அதாவது வடக்கு மாநிலங்களின், காலாட்படை வீரன் ஒருவனின் சிறு சிலையை வாங்கியிருக்கிறீர்கள். வெண்கலப் பொடி கலந்த ரெசினில் வார்த்தது. பீடத்தின் அடியில் சிற்பியின் கையெழுத்தும் வரிசை எண்ணும் இருக்கின்றன. தலை முதல் கால் வரை ஒரே பழுப்பு. சீருடையின் நிறங்கள் எல்லாம் உங்களுக்குத் தெரியும், பிரஷ் பிடிக்கவும் வரும், பெயின்ட் அடித்தால் ஆளுக்கு உயிர் வந்துவிடும் என்று தோன்றுகிறது. கிரேக்கர்களே சிலைக்கு வண்ணம் பூசினார்கள், அதோடு இது என் காசில் வாங்கிய பொருள், அடிக்கலாமா என்கிறீர்கள். இது போக, இன்னும் பிரிக்காத வெள்ளை உலோக கிட் ஒன்றும் கையில் இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

சிலைக்கு வேண்டாம். கிட்டுக்குத் தாராளமாக அடியுங்கள். இரண்டும் போர்வீரன் உருவம்தான், இரண்டும் நிறமில்லாமல்தான் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன, ஆனால் ஒன்றை முடிக்க வேண்டியவர் நீங்கள், மற்றதைச் சிற்பியே முடித்துக் கொடுத்துவிட்டார். என் வாதம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

கிட் என்பது ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேர் வேலை. 54 மி.மீ., 75 மி.மீ., 90 மி.மீ. என்று அளவு வைத்து, கை தனி, தலை தனி, துப்பாக்கி தனி என்று துண்டுகளாகப் பெட்டியில் வரும். அதைச் செதுக்கியவருக்கு இதன்மேல் ஒருவர் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, நிறம் பூசி, நிழல் கொடுக்கப்போகிறார் என்பது தெரியும். சொல்லப்போனால் அதை நம்பித்தான் செதுக்குகிறார். பில் ஹோரன் போன்றவர்கள் செதுக்குவது, பூசுவது இரண்டையும் தாங்களே செய்து பேர் வாங்கியவர்கள். சிகாகோவின் ஷெப் பெய்ன் இந்தத் துறையில் ஒரு தலைமுறைக்கே வண்ணம் பூசக் கற்றுக்கொடுத்தவர். அங்கே பெயின்ட் இல்லாத உருவம் பாதி வேலைதான், அதைப் பூசாமல் அலமாரியில் வைத்திருப்பதுதான் பாவம்.

உங்கள் சிலை அந்த வகை இல்லை. மாசசூசெட்ஸில் ஹட்சன் ஊரிலிருந்து வந்த சில்மார்க் நிறுவனத்தின் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) உருவங்களை நினைத்துக்கொள்ளுங்கள், பிரான்சிஸ் பார்னம் உள்நாட்டுப் போர் வீரர்களை அவர்களுக்காகச் செதுக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட பியூட்டர் வேலையில் வார்ப்பு வெளியே வந்ததும் கருமை ஏற்றுவார்கள், பிறகு மேடான இடங்களை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். சட்டை மடிப்பின் உள்ளே கருப்பு நிற்கும், மடிப்பின் முதுகு வெள்ளியாக மின்னும். வெண்கலத்தில் இதே வேலையை வேறு வழியில் செய்கிறார்கள்: உலோகத்தைச் சூடாக்கி, ரசாயனக் கரைசலைத் தெளித்தோ தடவியோ பட்டினா என்ற நிறப்படலம் ஏற்றி, மேலே மெழுகு பூசி மூடுகிறார்கள். வெண்கலப் பொடி கலந்த ரெசினில், மேல்தோலைத் தேய்த்து உள்ளிருக்கும் பொடியை வெளியே கொண்டுவந்து, பள்ளங்களில் கறை ஏற்றுகிறார்கள். ஆக உங்கள் கண்ணுக்கு "ஒரே பழுப்பு" என்று தெரிவதுதான் அந்தச் சிலையின் வண்ண வேலை. அது முடிந்துபோன வேலை.

சிலையைக் கொஞ்சம் கையில் எடுத்துக் கண்ணைப் பாருங்கள், முகத்தில் அந்த இரண்டு கண்களை மட்டும். கண்மணி இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு குழி இருக்கும் என்று நினைக்கிறேன், நல்ல சிற்பி செய்ததாக இருந்தால் அநேகமாக இருக்கும். நிறம் இல்லாத ஒரு பரப்பில் கருவிழியைக் காட்ட வேறு வழி கிடையாது. குழியைத் தோண்டினால் அதில் நிழல் விழும், அந்த நிழல் கருவிழியாகத் தெரியும். வெளிச்சம் மாறும்போது பார்வையும் லேசாக மாறும். ரோமானியர்களிடம் இதன் வரலாறு அப்பட்டமாகத் தெரிகிறது. சுமார் கி.பி. 130 வரை பளிங்குச் சிலைகளின் கண்கள் பெரும்பாலும் வழுவழுப்பான உருண்டைகள்தான், ஏனென்றால் கருவிழியைப் பெயின்டால் போட்டார்கள். ஹேட்ரியன் பேரரசர் காலத்தில்தான் கருவிழியையும் மணியையும் உளியால் தோண்டும் வழக்கம் பரவுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் இதில் எங்கேயோ போய்விட்டார். கருவிழியைத் தோண்டும்போது உள்ளே ஒரு துளிப் பளிங்கை மட்டும் உடைக்காமல் விட்டுவிடுவார், அதில் வெளிச்சம் பட்டால் ஈரக் கண் மினுங்குவதுபோல இருக்கும். வர்ஜீனியாவில் ரிச்மண்ட் சட்டமன்றக் கட்டடத்தில் ராணுவ உடையோடு நிற்கும் அவருடைய ஜார்ஜ் வாஷிங்டன் சிலை வெறும் வெள்ளைப் பளிங்கு. அதில் எந்த நிறமும் குறைவதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது அந்தக் குழிக்குள் நீங்கள் கறுப்புப் பெயின்டை வைக்கிறீர்கள். சுற்றிலும் வெள்ளை, நடுவில் பழுப்பு வளையம், அதன் நடுவில் கறுப்பு. ஏற்கெனவே நிழல் விழும் இடத்தில் கறுப்பும் சேர்ந்தால் ஒரு கண்ணுக்கு இரண்டு கண்மணி வந்ததுபோல ஆகிவிடும். வீரன் பேயறைந்தவன் மாதிரி முறைப்பான். இதற்கு உங்கள் கைத்திறமையைக் குறை சொல்ல முடியாது, எவ்வளவு பெரிய பெயின்டராக இருந்தாலும் இதே கதிதான். குழியை மக்கு வைத்து அடைத்தால்தான் சரியாக வரும், அடைத்துவிட்டால் அது சிற்பியின் முகமே இல்லை.

கண்ணுக்கு மட்டுமில்லை இது. மார்பின் குறுக்கே போகும் தோட்டாப் பை வாரைப் பாருங்கள். உண்மையில் அது கறுப்புத் தோல், சட்டை கருநீலம். நிஜத்தில் நிற வித்தியாசம் வாரைக் காட்டிக்கொடுக்கும். ஒரே நிற உலோகத்தில் அந்த உதவி கிடையாது, அதனால் சிற்பி வாரைக் கொஞ்சம் தடிப்பாக்குகிறார், ஓரத்தைக் கூர்மையாக்குகிறார், சில இடங்களில் வாருக்குக் கீழே துணியைக் குடைந்து விடுகிறார். நிழலால் ஒரு கோடு கிடைக்கிறது. அதே வாருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் தடிப்பு அசிங்கமாகத் தெரியும், மரப்பலகையை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். சட்டைக் கையின் மடிப்புகளும் அப்படித்தான், நிஜத் துணியைவிட ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். கிட் பூசிப் பழகிய கை என்ன செய்யும்? பள்ளத்தில் கருநிழல் கொடுக்கும், மேட்டில் வெளிர்நிறம் கொடுக்கும். அந்த நிழலைச் சிற்பி ஏற்கெனவே உளியால் கொடுத்துவிட்டார். இரண்டும் சேர்ந்தால் சட்டை அழுக்கேறின மாதிரி ஆகிவிடும்.

இனி மேலடுக்கின் கனம். பிரைமர் ஒரு பூச்சு, அடிநிறம் இரண்டு பூச்சு, நிழல், வெளிர், கடைசியில் வார்னிஷ். ஒவ்வொன்றும் மெல்லியதுதான், ஆனால் பித்தானில் இருக்கும் கழுகு, மீசையின் முடிக்கோடு, முன்கையின் நரம்பு எல்லாம் இவற்றின் அடியில் போய்விடும். பிரான்சில் செவ்ர் பீங்கான் ஆலைக்காரர்கள் 1750-களிலேயே கண்ணாடி போன்ற மேல்மெருகும் இல்லாமல் வண்ணமும் இல்லாமல் வெறும் வெள்ளையாகச் சுட்டெடுத்த சிற்பங்களை விற்றார்கள், பிஸ்கட் பீங்கான் என்று சொல்வார்கள். மெருகு ஏற்றினால் நுணுக்கம் மூழ்கிவிடும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு 1780-களில் பிரான்சின் மாமனிதர்கள் வரிசையைச் சிறு அளவில் செய்தபோதும் அதே வெள்ளைதான். பஜு செய்த தளபதி துரேன், ஊதோன் செய்த கடற்படைத் தளபதி தூர்வில் எல்லாரும் அந்த வரிசையில் வருகிறவர்கள். வண்ணம் பூசத் தெரியாமல் விட்டார்கள் என்று செவ்ரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, அவர்களுடைய தட்டுகளைப் பார்த்தாலே போதும்.

சரி, கிரேக்கர்கள் விஷயத்துக்கு வருவோம். இது உங்கள் வாதங்களிலேயே கனமானது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பழங்காலத்துப் பளிங்குகள் வண்ணத்தோடு இருந்தன என்பது முழு உண்மை. 1863-இல் லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில் கிடைத்த, கவசம் பூண்ட அகஸ்டஸ் சிலையில் வண்ணச் சுவடுகள் இருந்தன, இப்போது வத்திக்கானில் இருக்கிறது. 1887-இல் சிடோனில் எடுத்து இஸ்தான்புல்லில் வைத்திருக்கும் அலெக்சாண்டர் சவப்பேழையில் மாசிடோனியர்களும் பாரசீகர்களும் மோதும் காட்சியில் இன்றும் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏஜினா கோயிலின் வில்லாளி சிலைக்கு வின்சென்ஸ் பிரிங்க்மன் குழுவினர் கட்டம் கட்டமாகப் பளிச்சென்ற கால்சட்டையோடு ஒரு மாதிரி செய்து, 2003-இல் மியூனிக்கில் தொடங்கிய கண்காட்சியில் வைத்தபோது பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். சீனாவில் 1974-இல் கிடைத்த சுடுமண் படையும் முழுக்க வண்ணம் பூசியதுதான். அரக்குப் பூச்சின் மேல் நிறம் இருந்ததால், தோண்டி வெளியே எடுத்த சில நிமிடங்களிலேயே அரக்கு உலர்ந்து சுருண்டு நிறத்தோடு உரிந்துவிட்டது, அதனால்தான் இன்று மண்ணிறமாக நிற்கிறார்கள்.

ஆனால் இந்த உதாரணங்களை எல்லாம் அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வண்ணம் முதலிலிருந்தே திட்டத்தில் இருந்தது. செதுக்கியவனுக்கு அது தெரியும், அதற்கேற்ற மாதிரிதான் கண்ணை வழுவழுப்பாக விட்டான். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. கிரேக்கச் சிற்பி பிராக்சிடலீஸிடம் உங்கள் பளிங்குகளில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டதற்கு, நிகியாஸ் கைவைத்தவை என்றாராம். நிகியாஸ் அந்தக் காலத்து ஓவியர். சிற்பி விரும்பி ஒரு ஓவியரை அழைத்து, அவர் கை பட்டதைத் தன் சிறந்த வேலை என்று சொல்கிறார். இது உங்களுக்கு எதிரான சாட்சிதான். சிலைக்கு வண்ணம் வேண்டுமா, யார் பூச வேண்டும் என்பதெல்லாம் பிராக்சிடலீஸின் முடிவு. வாங்கிப் போனவன் வீட்டில் உட்கார்ந்து பூசியதில்லை. கிரேக்கர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இருந்தால் அது இதுதான்: வண்ணத்தை உரிப்பதும் தவறு, இல்லாத வண்ணத்தை ஏற்றுவதும் தவறு, செய்தவன் எப்படி முடித்தானோ அப்படி இருக்க வேண்டும்.

உரிப்பது பற்றிச் சொன்னேன் இல்லையா, அதற்கு டேவிட் ஸ்மித் கதையைக் கேளுங்கள். அமெரிக்கச் சிற்பி, எஃகில் வேலை செய்தவர். அவர் 1950-இல் செய்து சிவப்புப் பெயின்ட் பூசிய ஒரு சிற்பம் கைமாறிப் போன வழியில் யாரோ பெயின்டை உரித்துவிட்டார்கள். 1960-இல் அவர் கலைப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி, இது இனி என் படைப்பே இல்லை, பாழாக்கப்பட்ட பொருள், என் பெயரை இதோடு சேர்க்கக் கூடாது என்று பகிரங்கமாகக் கைகழுவினார். 1965-இல் அவர் கார் விபத்தில் இறந்தபின், சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களில் ஒருவரான விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க், சில சிற்பங்களின் வெள்ளைப் பூச்சை உரிக்கச் செய்தார், சிலவற்றை வெயிலிலும் மழையிலும் விட்டார். அது வெறும் பிரைமர்தானே என்று ஆதரித்துப் பேசியவர்களும் உண்டு. விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் 1974-இல் இதை எழுதி வெளியே கொண்டுவந்தபோது கலை உலகமே கொதித்தது. கிரீன்பெர்க் சாதாரண ஆள் கிடையாது, அந்தத் தலைமுறையின் மிகக் கூர்மையான கண் அவருக்கு. தனக்கு நிறமில்லாத எஃகு மேலாகப் பட்டது, அதைச் செய்துவிட்டார். ரசனை இருக்கிறது என்பதற்காக அடுத்தவன் படைப்பின் மேற்பரப்பில் கைவைக்கும் உரிமை வந்துவிடாது. உங்கள் நிலைமை அதன் மறுபக்கம், அவ்வளவுதான்.

ராணுவச் சிற்பங்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இது எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த கெட்டிஸ்பர்க்கில் சிற்பி ரான் டூனிசன் செய்த ஒரு நினைவுச்சின்னம் 1993-இல் திறக்கப்பட்டது. 1863 ஜூலை 3 அன்று கான்ஃபெடரேட் (தெற்குப் படை) ஜெனரல் ஆர்மிஸ்டெட் படுகாயமடைந்து கிடக்கிறார், யூனியன் படையின் கேப்டன் பிங்கம் அவரைத் தாங்கிப் பிடிக்கிறார். இரண்டு பேரும் மேசன் என்ற சகோதர சபையைச் சேர்ந்தவர்கள். ஆர்மிஸ்டெடின் பழைய நண்பர் ஹான்காக் எதிர்ப்படையில் ஜெனரல், அவரிடம் சேர்ப்பிக்கச் சொல்லி ஆர்மிஸ்டெட் தன் உடைமைகளை பிங்கமிடம் ஒப்படைக்கிறார். நிஜத்தில் ஒருவர் சாம்பல் நிற உடை, ஒருவர் நீல உடை. வெண்கலத்தில் இருவரும் ஒரே நிறம். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு யார் எந்தப் படை என்பது முதலில் தெரியாது, ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தாங்கிப் பிடித்திருப்பது மட்டும் தெரியும். கிட்டே வந்து தொப்பியையும் காலரையும் பார்த்த பிறகுதான் எதிரிகள் என்று புரிகிறது. அந்த வரிசையில் புரிவதுதான் அந்தச் சின்னம் சொல்ல வந்ததே. இதன் சிறு பிரதி ஒன்று கையில் இருந்து அதற்கு நீலமும் சாம்பலும் அடித்தால் என்ன ஆகும்? முதல் பார்வையிலேயே கட்சி பிரிந்துவிடும். கை பின்னுக்குப் போய்விடும், கோட்டு முன்னுக்கு வந்துவிடும். சீருடை நிறம் அச்சு அசலாகச் சரியாக இருந்தும் சிற்பம் செத்துப்போகும்.

நிறமே கூடாது என்று நான் சொல்லவில்லை. செயின்ட்-காடன்ஸ் நியூயார்க்கில் 1903-இல் வைத்த ஜெனரல் ஷெர்மன் குதிரைச் சிலை தகதகவென்று தங்க ரேக்கு ஒட்டியது. அதைத் தீர்மானித்தது அவரே. அதன்மேல் வேறு யாராவது தங்கத்தைச் சுரண்டி வெண்கலமாக்க நினைத்தாலும் நான் இதே மாதிரிதான் எதிர்த்து எழுதுவேன்.

நீங்கள் சொல்லாத, ஆனால் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாதத்தையும் நானே எடுத்து வைக்கிறேன். வாங்கியவர்கள் பூசிய வண்ணமும் சில சமயம் கலையாக மதிக்கப்பட்டிருக்கிறதே? ஆமாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஹவுஸ்மாலர் என்று வீட்டிலிருந்தே வேலை செய்த ஓவியர்கள் இருந்தார்கள். மைசென் ஆலையின் வண்ணமிடாத வெள்ளைப் பீங்கானை வாங்கித் தாங்களே வரைந்து விற்றார்கள். ஆலைக்கு இது பிடிக்கவில்லை, வெள்ளைச் சரக்கு வெளியே போவதைக் கட்டுப்படுத்தப் பார்த்தது, வெள்ளையாகவே தள்ளிவிட்ட பொருள்களில் தன் குறுக்கு வாள் முத்திரையின் மேல் கீறல் போடும் வழக்கமும் வந்தது. இன்று நல்ல ஹவுஸ்மாலர் வேலை என்றால் அருங்காட்சியகங்களே விரும்பி வாங்கும். ஆனால் அங்கே அவர்கள் எடுத்தது வெறும் கிண்ணமும் தட்டும், அதாவது வண்ணத்துக்காகவே காத்திருக்கும் பரப்பு. மறுபக்கம், 1800-க்குப் பிறகு செவ்ரில் பொறுப்பேற்ற பிராங்னியார் பழைய வெள்ளைச் சரக்கை விற்றுத் தள்ளினார், வெளி ஆட்கள் அதில் பழைய செவ்ர் பாணியிலேயே வண்ணம் வரைந்து விற்றார்கள். அந்தத் தலைவலி பழம்பொருள் வாங்குபவர்களுக்கு இன்னும் தீரவில்லை. முத்திரை அசல், பீங்கான் அசல், வண்ணம் மட்டும் பின்னால் வந்தது. விலை சரிகிறது, நம்பிக்கையும் போகிறது. உங்கள் சிலையும் ஒருநாள் யாரோ ஒருவர் கைக்குப் போகும். அடியில் சிற்பியின் கையெழுத்து இருக்கும், மேலே அவர் பூசாத பெயின்ட் இருக்கும். வாங்குகிறவர் அதை அவருடைய வேலை என்றுதான் நம்புவார்.

"என் காசு, என் பொருள்" என்பதற்கு வருகிறேன். பொருள் உங்களுடையது, மறுக்கவே இல்லை. வீட்டுக்குள் நீங்கள் செய்வதை யாரும் எட்டிப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் சட்டமே இந்த விஷயத்தில் நீங்கள் நினைக்கிற அளவு வாங்கியவர் பக்கம் இல்லை. கனடாவில் டொராண்டோ ஈட்டன் சென்டர் வணிக வளாகத்தில் மைக்கேல் ஸ்னோ செய்த பறக்கும் வாத்துச் சிற்பங்கள் தொங்குகின்றன. கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று வளாகக்காரர்கள் அவற்றின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ஸ்னோ வழக்குப் போட்டார், 1982-இல் நீதிமன்றம் ரிப்பனை அவிழ்க்கச் சொன்னது. காசு கொடுத்து வாங்கியவர்கள்தான், கட்டியதும் கழற்றக்கூடிய ரிப்பன்தான். அமெரிக்காவில் 1990-இல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், சிற்பி கையெழுத்திட்டு எண் போட்ட, 200 பிரதிக்கு மேற்படாத வார்ப்புகளுக்கு, அவர் பெயரைக் கெடுக்கும் மாதிரியான மாற்றங்களிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. உங்கள் சிலையின் பிரதி எண்ணிக்கை அதற்கு மேல் இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. இந்தியாவிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு இதே உணர்வில் இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துச் சிதைத்த அமர்நாத் சேகலின் வெண்கலப் புடைப்புச் சிற்பத்துக்காக 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. விற்ற பிறகும் படைப்பில் சிற்பிக்கு ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்று பல நாடுகளின் சட்டங்கள் ஒத்துக்கொள்கின்றன, அதைக் கவனியுங்கள் என்கிறேன்.

பிடிக்கவில்லை என்றால் பெயின்டைக் கழுவிவிடலாமே என்ற எண்ணமும் வேண்டாம். மெழுகு பூசிய பரப்பில் பெயின்ட் சரியாக ஒட்டாது, ஒட்ட வைக்க மெழுகைத் துடைத்தெடுக்க வேண்டும், சிலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் சொல்வார்கள். அப்போதே பட்டினா போய்விட்டது. பிறகு பெயின்டை எடுக்க ஸ்ட்ரிப்பர் போட்டால் பள்ளத்தில் சிற்பி ஏற்றிய கறையும் சேர்ந்து வரும், ரெசின் மென்மையாகி நுனிகள் கெடவும் வாய்ப்பு உண்டு. திரும்பிப் போக வழியில்லாத வேலை இது. பிரிட்டன்ஸ் என்ற பொம்மைக் கம்பெனியின் பழைய ஈய வீரர்களைச் சேகரிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அசல் பெயின்ட் உதிர்ந்து கிடக்கும் வீரனுக்கு இருக்கும் மதிப்பு, அழகாக மறுபடி பூசிய வீரனுக்கு இருக்காது.

இப்போது உங்கள் உண்மையான குறைக்கு வருவோம். சிலை மொத்தையாக, மங்கலாகத் தெரிகிறது, அதுதானே? எனக்கு உங்கள் வீட்டு அலமாரி தெரியாது, ஆனால் பெரும்பாலும் குற்றவாளி விளக்குதான். அலமாரியின் மேல்தட்டில் எல்இடி பட்டை ஒட்டியிருந்தாலோ, அறையின் டியூப்லைட் நேராக முன்னால் இருந்தாலோ நிழலே விழாது. நிழலை நம்பிச் செதுக்கிய உருவம் அந்த வெளிச்சத்தில் தட்டையாகிவிடும். அறையை இருட்டாக்கி ஒரே ஒரு சின்ன விளக்கை, கொஞ்சம் மஞ்சளான வெளிச்சமாக, சிலையின் தலைக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள். மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரு கோணத்தில் தொப்பியின் நிழல் சரியாகப் புருவத்தில் விழும், கண்குழி நிறையும், தோட்டாப் பையின் வார் உடம்பிலிருந்து விலகி நிற்கும். அந்த இடத்தில் விளக்கை நிறுத்திவிடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் ரெனைசான்ஸ் மெழுகைத் துளி எடுத்துத் தடவி மெல்லத் துடைத்தால் ஆழம் இன்னும் கூடும். பித்தளை பாலிஷ் மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

நிறம் தெரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தால், பக்கத்தில் அதே படைப்பிரிவின் வண்ணச் சீருடைப் படம் ஒன்றைச் சட்டம் போட்டு வையுங்கள். கண் தானாகவே இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். இல்லை, சிற்பி உயிரோடு இருந்தால் நேரடியாகக் கேட்டு எழுதுங்கள். பலர் பதில் போடுவார்கள். பூசுவதற்கென்றே, கறை ஏற்றாமல் விட்ட வார்ப்பு ஒன்றைத் தர ஒத்துக்கொள்பவர்களும் இருக்கலாம், அப்படிக் கிடைத்தால் அது பிராக்சிடலீஸ்-நிகியாஸ் வழி, அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. எண்ணில்லாமல் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளிய கடைச் சரக்கு, உடைந்து ஒட்டவே முடியாத நிலையில் இருப்பது, இவற்றுக்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கையிலிருக்கும் கிட்டைப் பிரியுங்கள். வெள்ளை உலோகம் என்பதால் வார்ப்புக் கோடுகளை மெல்லிய அரத்தால் எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அப்புறம் பிரைமர். யூனியன் ஆள் என்றால் சட்டையைப் பளீர் நீலமாக அடித்துவிடாதீர்கள். புதுச் சட்டை இண்டிகோச் சாயத்தில் கறுப்போ என்று சந்தேகம் வரும் அளவு கருநீலம், கால்சட்டைதான் வெளிர்நீலம். இரண்டுக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்க வேண்டும். கான்ஃபெடரேட் ஆள் என்றால் இன்னும் சுவாரசியம். பருத்திப் பாவில் கம்பளி ஊடை கொடுத்து நெய்த முரட்டுத் துணி அது, தாவரச் சாயத்தில் தோய்த்த சாம்பல் நிறம் வெயிலில் போகப் போகப் பழுப்பாக வெளிறிவிடும். ஒரே கம்பெனியில் பத்துப் பேர் பத்து நிறத்தில் நின்றிருப்பார்கள், அதனால் கோட்டின் மடிப்புக்குள் சாம்பலும் தோள்பட்டையில் பழுப்பும் விட்டுப் பாருங்கள், அருமையாக வரும். தோளில் பட்டை இருந்தால் அது எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், காலாட்படைக்கு நீலம், பீரங்கிப் படைக்குச் சிவப்பு, குதிரைப் படைக்கு மஞ்சள். கண்ணுக்குக் குழி இருக்காது, வழுவழுப்பாக விட்டிருப்பார்கள், அங்கே கருவிழி வைப்பது முழுக்க உங்கள் கை வேலை. முடித்ததும் பீடத்தின் அடியில் செதுக்கியவர் பெயரையும் பூசியவர் பெயரையும் வருடத்தையும் எழுதிவிடுங்கள்.